கேபிளை மாற்றினால் இயர்போனில் எது மாறுகிறது

காதுக்குள் செருகும் நல்ல இயர்போன் ஒன்றை வாங்கிச் சில மாதங்கள் பழகியவருக்கு அடுத்து எழும் ஆசை பெரும்பாலும் கேபிளைப் பற்றியதாகவே இருக்கும். இன்-இயர் மானிட்டர், சுருக்கமாக ஐ.இ.எம்., என்று இப்போது அழைக்கப்படும் இவ்வகை இயர்போன்களில் பெரும்பாலானவற்றின் கேபிளைத் தனியே கழற்ற முடியும் என்பதால், பெட்டியோடு வந்த மெல்லிய கறுப்பு வயரைக் கழற்றிவிட்டுப் பின்னல் வேலைப்பாடுள்ள வெள்ளிநிறக் கேபிள் ஒன்றை மாட்டிப் பார்க்கும் எண்ணம் தானாகவே வருகிறது. விற்பவர்களின் பேச்சும் அதற்குத் தூபம் போடுகிறது: வெள்ளியை மாட்டினால் மேல்சுரங்களான ட்ரெபிள் துலங்கும், செம்பை மாட்டினால் குரல் கனியும், இரண்டும் கலந்தால் நடுநிலை கிடைக்கும், தங்கம் சேர்ந்தால் இழைவு கூடும். நானும் கேபிள்களை மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறேன். சில வேளைகளில் ஒலி மாறியதை ஐயத்துக்கு இடமின்றி உணர்ந்துமிருக்கிறேன். அந்த மாற்றத்தை வெறும் மனப்பிரமை என்று ஒதுக்கிவிடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை, உலோகத்தின் குணம் என்று அப்படியே ஏற்றுக்கொள்வதிலும் உடன்பாடில்லை. மாற்றம் எதனால் வந்தது என்று ஒவ்வொரு காரணமாகப் பிரித்துப் பார்த்தால், கேபிளுக்குச் செலவிடத் தகுந்த காரணங்கள் பல இருப்பதும், அவற்றின் வரிசையில் உலோகத்தின் பெயர் கடைசியில் நிற்பதும் தெரியவரும்.

உலோகத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் விலையின் பெரும்பகுதி அதன் பெயரில்தான் வாங்கப்படுகிறது. 20 டிகிரி வெப்பநிலையில் செம்பின் மின்தடைத்திறன் 1.68 மைக்ரோ ஓம் செ.மீ.; வெள்ளியுடையது 1.59, தங்கத்துடையது 2.44. வெள்ளி செம்பைவிட ஏறத்தாழ 5 சதவீதம்தான் மேலானது. தங்கமோ இரண்டையும்விடக் கணிசமாகப் பின்தங்கியது. பிளக்கின் மேல் தங்க முலாம் பூசுவது அது துருப்பிடிக்காது, களிம்பேறாது என்பதற்காகவே. இப்போது ஒரு சாதாரணக் கேபிளை எடுத்துக்கொள்வோம். கம்பிப் பருமனுக்கான அமெரிக்க அளவுமுறையில் 26 ஏ.டபிள்யூ.ஜி. பருமனுள்ள செம்புக் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 0.134 ஓம் தடை தரும். கேபிளின் நீளம் 1.2 மீட்டர் என்றால் மின்னோட்டம் போய்த் திரும்பும் தூரம் 2.4 மீட்டர், ஆகவே மொத்தத் தடை 0.32 ஓம். 16 ஓம் இயர்போனுக்கு முன்னால் இந்த 0.32 ஓம் நிற்பதால் குறையும் ஒலி 0.17 டெசிபல். அதே பருமனில், அதே நீளத்தில் தூய வெள்ளியைப் போட்டால் தடை 0.30 ஓமாக இறங்கும். இரண்டு கேபிள்களுக்கும் இடையே காதில் விழக்கூடிய வேறுபாடு என்று கணக்கு தருவது ஒரு டெசிபலில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. வெள்ளியின் தூய்மை பற்றி எவ்வளவு அழகாக எழுதினாலும் இந்த எண் பெரிதாகப் போவதில்லை.

தூய்மை பற்றிய பேச்சும் இப்படித்தான். 99.99 சதவீதத் தூய்மையை 4என் என்றும், அதற்குமேல் ஒவ்வொரு ஒன்பது சேரும்போதும் 5என், 6என், 7என் என்றும் குறிப்பிடுகிறார்கள். அறை வெப்பநிலையில் செம்பின் தடைக்கு முதன்மையான காரணம் அணுக்களின் வெப்ப அதிர்வு. எஞ்சியிருக்கும் மாசுக்களின் பங்கு மிகச் சிறிது. 4என் செம்பும் 7என் செம்பும் பெரிய அளவில் வேறுபட்டு நிற்க வேண்டுமானால் திரவ ஹீலியத்தின் வெப்பநிலைக்கு, அதாவது சுழியத்துக்குக் கீழே 269 டிகிரி வரை, இறங்கியாக வேண்டும்; காதருகே தொங்கும் வயருக்கு அந்த நிலை வாய்ப்பதில்லை. ‘ஓனோ தொடர் வார்ப்பு’ என்பதைக் குறிக்க ஓ.சி.சி. என்று பெட்டிகளில் அச்சிடப்படும் எழுத்துகளுக்குப் பின்னால் ஓர் உண்மையான உலோகவியல் சாதனை இருக்கிறது. ஜப்பானின் சிபா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் அட்சுமி ஓனோ, சூடாக்கிய அச்சின் வழியே உலோகத்தை மெல்ல இழுத்து, மிக நீண்ட படிகங்களாக உறையச் செய்யும் வார்ப்பு முறையை உருவாக்கினார். 1980களில் அது ஒலிக் கேபிள்களுக்கும் வந்துசேர்ந்தது. அந்த முறையின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் படிக எல்லைகள் அறை வெப்பநிலையில் சேர்க்கும் தடை மிகக் குறைவு என்பதால், 1.2 மீட்டர் இயர்போன் கேபிளில் அதன் பயன் ஒலியாகக் காதுக்கு வந்து சேர வழியில்லை.

இங்கே ‘தோல் விளைவு’ பற்றியும் ஒரு சொல். உயர் அதிர்வெண் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பை நோக்கி ஒதுங்கும், ஆகவே வெள்ளி முலாம் பூசிய செம்பில் ட்ரெபிள் வெள்ளி வழியாகவும் கீழ்ச்சுரங்களான பேஸ் செம்பு வழியாகவும் செல்லும் என்று ஒரு விளக்கம் பரவலாக உலவுகிறது. 20 கிலோஹெர்ட்ஸில்கூடச் செம்பில் மின்னோட்டம் ஊடுருவும் ஆழம் ஏறத்தாழ 0.46 மில்லிமீட்டர், 26 ஏ.டபிள்யூ.ஜி. கம்பியின் ஆரமோ 0.2 மில்லிமீட்டர். கம்பியின் நடுப்பகுதி வரை எல்லா அதிர்வெண்களும் தாராளமாகப் பாய்கின்றன. ஒவ்வொரு மெல்லிய இழைக்கும் தனித்தனியே எனாமல் பூசும் லிட்ஸ் வகை வயரும் வானொலி அலைகளுக்காக வந்த உத்தியே. இயர்போனில் அதனால் கிடைக்கும் உண்மையான நன்மை, செம்பு பச்சை பூக்காமல் இருப்பதுதான்.

இவ்வளவு சொன்ன பிறகும், கேபிளை மாற்றியதும் ஒலி மாறும் என்பதற்கு ஐயமற்ற ஒரு வழி இருக்கிறது. அந்த வழியின் பெயர் மின்தடை. அது உலோகத்தின் வகையால் வருவதைவிடக் கம்பியின் பருமனால் வருவதே அதிகம். இதை விளங்கிக்கொள்ள இயர்போனுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒலி எழுப்பும் உறுப்பைத்தான் டிரைவர் என்கிறோம். கம்பிச்சுருளும் காந்தமும் கொண்ட ஒற்றை டைனமிக் டிரைவர் உள்ள இயர்போனில் இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, எல்லா அதிர்வெண்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். அதற்கு முன்னால் எவ்வளவு தடை வந்தாலும் எல்லா ஒலியும் ஒன்றுபோலக் குறையும். வால்யூமைச் சற்றுக் கூட்டினால் சரியாகிவிடும். பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்னும் மிகச் சிறிய வகை டிரைவர்கள் பலவற்றை, அதிர்வெண்களை அவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரோடு இணைத்த இயர்போனின் கதை வேறு. அதன் இம்பீடன்ஸ் ஓர் இடத்தில் 40 ஓமாகவும் இன்னோர் இடத்தில் 5 ஓமாகவும் ஏறி இறங்கலாம். அத்தகைய இயர்போனுக்கு முன்னால் 1 ஓம் தடையுள்ள கேபிள் இருந்தால், 40 ஓம் உள்ள அதிர்வெண்ணில் ஒலி 0.2 டெசிபல் மட்டுமே குறையும். 5 ஓம் உள்ள அதிர்வெண்ணில் ஏறத்தாழ 1.6 டெசிபல் குறையும். அதை எடுத்துவிட்டு 0.3 ஓம் கேபிளை மாட்டினால் இந்த இழப்புகள் முறையே 0.07, 0.5 டெசிபலாகச் சுருங்கும். அந்த 5 ஓம் பள்ளம் ட்ரெபிளில் அமைந்திருந்தால், பேஸோடு ஒப்பிடுகையில் ட்ரெபிள் ஏறத்தாழ 0.9 டெசிபல் உயர்ந்து நிற்கும். கவனித்துக் கேட்பவருக்கு இது காதில் படும்.

என்னிடமுள்ள பல டிரைவர் இயர்போன் ஒன்றில் நடந்தது இதுவே. பெட்டியோடு வந்த கேபிளையும் புதிய கேபிளையும் மேசையில் கிடத்தி மல்டிமீட்டரால் அளந்தேன். இதைச் செய்ய விரும்புகிறவர், முதலில் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து, அந்த முனை வயர்களுக்குரிய தடையைக் குறித்துக்கொண்டு பின்னர் கழிக்க வேண்டும்; இல்லாவிட்டால் அளவு முழுவதும் மீட்டரின் வயர்களைப் பற்றியதாகவே போய்விடும். பிளக்கின் நுனியிலிருந்து இடப்பக்கக் கனெக்டரின் ஒரு பின் (ஊசி) வரையிலும், பிளக்கின் அடிவளையத்திலிருந்து மற்றொரு பின் வரையிலும் அளந்து இரண்டையும் கூட்டினால் ஒரு பக்கத்தின் மொத்தத் தடை கிடைக்கும். பழைய மெல்லிய கேபிள் 1 ஓமை ஒட்டி இருந்தது. பருமனான புதிய செம்புக் கேபிள் 0.3 ஓமுக்கு அருகில் இருந்தது. புதியதில் பாடகியின் ‘ச’கரங்களும் வயலின் வில்லின் உரசலும் தெளிவாக முன்னால் வந்தன. வெள்ளிக்கு உரியதாகச் சொல்லப்படும் அந்தத் துலக்கம், வெள்ளி ஒரு துளியும் கலக்காத செம்பிலிருந்து வந்தது. இதையே எண்ணிப் பார்த்தால், வெள்ளிக் கேபிளை மாட்டித் துலக்கத்தைக் கேட்டவர்களில் பலர் உண்மையாகவே கேட்டிருக்கக்கூடும் என்பது புரிகிறது. அவர்கள் வாங்கிய வெள்ளிக் கேபிள் பழையதைவிடப் பருமனாக இருந்திருக்கும். புகழ் முழுவதும் உலோகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

தடையால் ஒலியை மாற்ற முடியும் என்பதை இயர்போன் செய்பவர்களும் வெளிப்படையாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். எட்டிமோட்டிக் நிறுவனம் 1991இல் அறிமுகப்படுத்திய ஈ.ஆர்.4 வரிசையில், 27 ஓம் உள்ள 4பி வகையை 100 ஓம் உள்ள 4எஸ் வகையைப் போல ஒலிக்கச் செய்ய, 75 ஓம் தடை பொருத்திய ஒரு சிறு இணைப்பு வயரையே அந்நிறுவனம் கொடுத்தது. அதில் இருந்த ஒற்றை பேலன்ஸ்டு ஆர்மேச்சரின் இம்பீடன்ஸ் அதிர்வெண் ஏற ஏற உயர்வது. ஆகவே முன்னால் தடையைச் சேர்த்தபோது கீழ்ச்சுரங்கள் அதிகமாகக் குறைந்து ட்ரெபிள் ஒப்பீட்டளவில் எழுந்தது. நான் மேலே சொன்ன இயர்போனில் தடையைக் குறைத்தபோது ட்ரெபிள் எழுந்தது. இதில் தடையைக் கூட்டியபோது எழுந்தது. குறிப்பிட்ட இயர்போனின் இம்பீடன்ஸ் வளைவைப் பார்க்காமல், இந்தக் கேபிள் இப்படித்தான் ஒலிக்கும் என்று யாரும் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. பெட்டியோடு வந்த கேபிளை வைத்தே வடிவமைப்பாளர் ஒலியைச் செப்பனிட்டிருப்பார் என்பதால், தடை குறைவது எப்போதும் மேம்பாடுதான் என்றும் சொல்வதற்கில்லை. மேலும், ஆம்ப்ளிஃபயர் அல்லது கைபேசியில் மாட்டும் டாங்கிளின் வெளியீட்டு இம்பீடன்ஸும் இதே கணக்கில்தான் சேர்கிறது. அது சில ஓம்கள் இருந்தால் கேபிளின் அரை ஓம் அதற்குள் கரைந்துபோகும். ஆகையால் பல டிரைவர் இயர்போன் வைத்திருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

அடுத்த காரணத்தைப் பற்றி மிகக் குறைவாகவே பேசப்படுகிறது, ஆனால் என் அனுபவத்தில் அதுவே எல்லாவற்றிலும் பெரியது. கேபிளை மாற்ற வேண்டுமானால் இயர்போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டும். மாற்றிய பின் மறுபடியும் செருக வேண்டும். சிலிகான் டிப் காதுத் துளையின் சுவரோடு முழுமையாக ஒட்டியிருந்தால்தான் பேஸ் நிற்கும்; மயிரிழை இடைவெளி விழுந்தாலும் பல டெசிபல் கசிந்துபோகும். டிப் எவ்வளவு ஆழம் செல்கிறது என்பதைப் பொறுத்துக் காதுத் துளைக்குள் எழும் ஒத்ததிர்வு 8 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் இடம் மாறும். ஒரு மில்லிமீட்டர் முன்பின்னானாலும் ட்ரெபிளின் தோற்றமே வேறாகிவிடும். இப்போது காதின் மேல் வளைந்து செல்லும் கொக்கி போன்ற பகுதியைக் கவனியுங்கள். பழைய கேபிளில் அது மிருதுவாக இருந்திருக்கும். புதியதில் வெப்பத்தால் வடிவம் கொடுத்த குழாய் இறுக்கமாக இருக்கும். அந்த இறுக்கம் இயர்போனின் உடலைச் சற்றே முன்னோக்கித் திருப்புகிறது, அல்லது மேலே தூக்குகிறது. எட்டு இழைகள் பின்னிய கனமான கேபிள் என்றால் கீழ்நோக்கிய இழுப்பும் சேரும். உலோகத்தின் வகை மாறாமலேயே, கொக்கியின் வளைவு மாறியதால் மட்டும் பேஸ் கூடியதையும் குறைந்ததையும் நான் கேட்டிருக்கிறேன். கொக்கியை ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் சற்று நேரம் காட்டி, காதின் வளைவுக்கேற்ப விரலால் பிடித்து ஆறவிட்டால், பல வேளைகளில் ஒலி மீண்டும் பழைய இடத்துக்கு வந்துவிடும். புதிய கேபிள் பேஸைக் குறைத்துவிட்டது என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது அந்தக் கொக்கி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான்.

ஒலியின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு ஒலிகளில் ஒன்று மிகச் சிறிதளவு உரக்க இருந்தாலும், அதை உரத்தது என்று நாம் உணர்வதில்லை. தெளிவானது, விரிவானது என்றே உணர்கிறோம். கவனமாக ஒப்பிடுபவர்கள் இரு பக்கத்தையும் 0.1 டெசிபலுக்குள் சமன் செய்வது அதனால்தான். கேபிளைக் கழற்றி மாட்டும் இடைவெளியில் காதின் நினைவும் மங்கிவிடுகிறது.

ஒலியை விட்டுவிட்டு நாள்தோறும் பயன்படுத்துவதற்கு வந்தால், நல்ல கேபிளின் அருமை உடனே தெரியும். என் செலவு நியாயமானது என்று நான் கருதுவது இங்கேதான். நடக்கும்போது வயர் சட்டைக் காலரில் உரசும் ஒலி, சில கேபிள்களில் கதவைத் தட்டுவதுபோலக் காதுக்குள் கேட்கும். விறைப்பான பிளாஸ்டிக் உறையும் கடினமான துணி உறையும் இந்த உரசலை நேராகக் காதுக்குக் கடத்துகின்றன; மிருதுவான, தளர்ந்து தொங்கும் கேபிள் அதை வழியிலேயே விழுங்கிவிடுகிறது. காதின் மேலாகச் சுற்றி அணிவதும், தாடைக்குக் கீழே இருக்கும் சிறு நகர்வளையத்தை மேலே தள்ளி இரு வயர்களையும் இணைத்துக்கொள்வதும் இன்னும் உதவும். மென்மையான பாடலின் இடையில் வரும் அமைதி அமைதியாகவே இருப்பது, தூய வெள்ளி தருவதாகச் சொல்லப்படும் எந்தக் கரும்பின்னணியையும்விட எனக்கு மதிப்பானது. பழைய சுருளின் மடிப்பை விடாமல் பிடித்துக்கொள்ளாத கேபிள், பையிலிருந்து எடுத்ததும் சிக்கில்லாமல் விழும் கேபிள், பிளக்கும் வயரும் சேரும் இடத்தில் உடையாமல் வளைந்துகொடுக்கும் கேபிள்: இவை கிடைக்குமானால் அதிகம் கொடுக்கலாம். ஒளி ஊடுருவும் உறைக்குள் செம்பு பச்சை பூப்பதைக் கண்டு பலர் பதறுகிறார்கள். அது பெரும்பாலும் மேற்பரப்பில் படரும் களிம்பு. தடையை அளந்தால் ஏறக்குறைய பழைய அளவே வரும்.

கனெக்டர்கள்தான் உண்மையில் கவனம் கோருபவை. எம்.எம்.சி.எக்ஸ். என்னும் வகை வட்டமானது, சுழலக்கூடியது, ‘டிக்’ என்ற சிறு ஒலியோடு பொருந்துவது. பொதுவாக 500 முறை மாட்டிக் கழற்றுவதற்கென்று வடிவமைக்கப்பட்டது. அடிக்கடி கேபிள் மாற்றுபவர் அதன் பிடிப்பைத் தாமே தளர்த்திவிடுகிறார். பிறகு தலையைத் திருப்பும்போதெல்லாம் ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்கும். இரட்டைப் பின் வகையில் 0.78 மில்லிமீட்டர், 0.75 மில்லிமீட்டர் என இரு அளவுகள் உண்டு. பெரிய பின்னைச் சிறிய துளையில் அழுத்தினால் துளை விரிந்து, அதன்பின் சரியான பின்கூட நிற்காது. தட்டையான துளை உள்ள இயர்போனில் ஒரு பக்கத்தை மட்டும் தலைகீழாகச் செருகிவிடவும் முடியும். அப்போது அந்தப் பக்கத்தின் அலைக் கட்டம் (ஃபேஸ்) புரண்டு, ஓர் இயர்போன் காற்றைத் தள்ளும் வேளையில் மற்றது இழுக்கும். நடுவில் நிற்க வேண்டிய குரல் தலைக்கு வெளியே இருபுறமும் கலைந்துபோகும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்க ஒலி இருக்குமிடம் தெரியாமல் அலையும். புதிய கேபிள் ‘மேடையை விரித்துவிட்டது’ என்று தோன்றினால், ஒற்றைக் குரலை மோனோவில், அதாவது இரு பக்கத்திலும் ஒன்றுபோல, ஒலிக்கவிட்டு, அது நெற்றிக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

இரு பக்கத்துக்கும் தனித்தனித் திரும்புவழி உள்ள பேலன்ஸ்டு பிளக்குக்காகக் கேபிள் வாங்குவதற்கும் நியாயம் உண்டு. முன்பு மெலிந்த 2.5 மில்லிமீட்டர் பிளக் புழங்கியது. 2016இல் சோனி தன் வாக்மேன் வரிசையில் கொண்டுவந்த 4.4 மில்லிமீட்டர் பிளக், அதைவிட உறுதியானது என்பதால் இப்போது பரவலாகிவிட்டது. பேலன்ஸ்டு வெளியீட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் இரு ஆம்ப்ளிஃபயர்கள் எதிரெதிராக இயக்குவதால், மின்னழுத்தம் இருமடங்கு, அதாவது 6 டெசிபல், வரை கூடும். ‘பேலன்ஸ்டில் உயிர் வந்தது’ என்பதன் பெரும்பகுதி இந்த 6 டெசிபல்தான். இரு பக்கமும் ஒரே திரும்புவழியைப் பகிர்ந்துகொள்ளாததால் கசிவும் குறைகிறது. பொதுவான திரும்புவழியில் 0.1 ஓம் இருந்தாலே, 16 ஓம் இயர்போனில் ஒரு பக்க ஒலி மறுபக்கத்தில் 44 டெசிபல் கீழே கேட்கத் தொடங்கும். மறுபுறம், மிகு உணர்திறன் உள்ள இயர்போனில் பின்னணி இரைச்சல் கூடவும் இடமுண்டு. அத்தகையதை வைத்திருப்பவருக்கு 3.5 மில்லிமீட்டரே மேல். ஓர் எச்சரிக்கை: 4.4 கேபிளை அடாப்டர் வழியே 3.5 துளையில் மாட்டலாம், ஆனால் 3.5 கேபிளை அடாப்டர் வழியே 4.4 துளையில் மாட்டக் கூடாது. அது இரு பக்கத்தின் எதிர்முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து ஆம்ப்ளிஃபயரைப் பழுதாக்கக்கூடும்.

இப்போது ஒரு கேபிளை வாங்க நினைத்தால் நான் தேடுவது நான்கைந்து விவரங்களைத்தான்: போகவர எத்தனை ஓம், எத்தனை கிராம், எத்தனை மில்லிமீட்டர் பின், கொக்கி மிருதுவானதா, பிளக்கின் முனை கழற்றி மாற்றக்கூடியதா. பெரும்பாலான பெட்டிகளில் இழைகளின் எண்ணிக்கையும் உலோகத்தின் தூய்மையும் பெரிய எழுத்தில் இருக்கும். தடையின் அளவு இருக்காது. அளப்பதற்குச் சில நொடிகள் போதுமான, வாங்குபவரின் இயர்போனோடு நேரடியாகப் பேசக்கூடிய ஒரே எண் அதுதான். அதை அச்சிட்டுத் தரும் உற்பத்தியாளரிடம் செம்புக் கேபிள் மட்டுமே இருந்தாலும் நான் அவரிடமே வாங்குவேன்.